கேஜ் ரூமில் முளைத்த கௌரா

தணிகாசலத்துக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் தோட்டத்தைப் பதினோரு வருஷமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். சேரப்பணஞ்சேரியிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் மொபெட்டில் வந்து இறங்கிவிடுவார். கேன்டீன் ஓரத்து வேம்பு, லாரி நிறுத்துமிடத்தைச் சுற்றிய அரளி, ஆபீஸ் முன்னாலிருக்கும் புல்தரை எல்லாம் அவர் கைபட்டு வந்தவை. அவரைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தது ஒரே ஒரு இடம். மெயின் கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் மதிலை ஒட்டிப் போகும் எண்பது அடிப் பாத்தி.

காலை ஒன்பதுக்கு அந்த இடத்தில் விழும் வெயில் சாயங்காலம் ஐந்தரை வரை நகராது. பின்னாலிருக்கும் மதில் பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு செடியின் முதுகில் கக்கும். சாமந்தி வைத்தார், சால்வியா வைத்தார், பெட்டூனியாவும் வைத்துப் பார்த்தார். எதுவும் இரண்டு மாதம் தாண்டவில்லை.

பிளான்ட் ஹெட் சந்திரலேகா மேடம் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு செல்போனில் ஒரு படம் காட்டினார். எங்கோ வெளியூரில் எடுத்தது. மெல்லிய குச்சி குச்சியான தண்டுகள், அவற்றின் மேல் வெள்ளைப் பூக்கள். செடி முழுவதும் லேசாகக் கலங்கித் தெரிந்தது.

"போட்டோ ஆடிப்போச்சு மேடம்" என்றார் தணிகாசலம்.

"போட்டோ ஆடல. பூதான் ஆடிச்சு. காத்தே இல்லாத மாதிரி இருக்கும், இது மட்டும் ஆடிக்கிட்டே இருக்கும். பேரு கௌரா. நல்ல வெயில்லதான் வருமாம். ஒரு தடவை வெச்சா அதே வேர்லேருந்து வருஷா வருஷம் துளிர்க்குமாம். மார்ச்ல நம்ம பதினஞ்சாவது ஆண்டு விழா. அதுக்குள்ள அந்தப் பாத்தில இது வரணும்."

படப்பையிலும் குன்றத்தூர்ப் பக்கத்திலும் இருந்த நர்சரிகளில் கேட்டார். பெயரையே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர் வாயில் அது அதற்குள் கௌரியாகிவிட்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசியில் மேடமே எங்கிருந்தோ நான்கு விதைப் பாக்கெட் தருவித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஐம்பது விதை. சின்னதாய், பழுப்பாய், கோணல் மாணலாக, உடைந்த கொட்டைத் துண்டு மாதிரி.

ஜூன் மாதம் ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் மண்ணும் எருவும் கலந்து போட்டார். மூன்று வாரம் தண்ணீர் தெளித்தார். இரண்டே இரண்டு முளைத்தன. அந்த இரண்டும் கழுத்தில் கறுத்து ஒரே நாளில் சாய்ந்தன. தணிகாசலம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மீதி மூன்று பாக்கெட்டையும் கருவி அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பாண்டிச்செல்வி தோட்டத்துக்கு வந்தது ஜூலைக் கடைசியில். அவளும் ஆசைப்பட்டு வரவில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, முப்பது வயது, மண்ணூரில் இன்னும் இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஆறு வருஷமாக மெஷினிங் லைனில் இன்ஸ்பெக்ஷன் வேலை. மெஷினிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து அளந்து பார்க்க வேண்டும். பாகத்தின் மேலெல்லாம் மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வழியும். கிளவுஸ் போட்டாலும் ஊறிவிடும். அந்த எண்ணெய் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு உள்ளங்கையும் சிவந்து வெடித்துவிட்டன. டாக்டர் லைன் பக்கமே போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கை ஆறும் வரை தோட்டத்தில் இருக்கட்டும் என்று எச்.ஆர். அனுப்பி வைத்தது.

தணிகாசலத்துக்கு இதில் பெரிய சந்தோஷமில்லை. கை வெடித்த பெண்ணை வைத்துக்கொண்டு மண் வேலை எப்படி வாங்குவது? "நீ அலமாரிய ஒழுங்கு பண்ணும்மா, போதும்" என்றார்.

அவள் அலமாரியை ஒழுங்கு பண்ணினாள். மத்தியானத்துக்குள் எல்லா மருந்துப் பாட்டிலும் தேதி வரிசையில் நின்றது. சாயங்காலம் அந்த மூன்று பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, இது ஏன் போடாம கெடக்கு?"

"அது மொளைக்காதும்மா. ஒரு பாக்கெட்டு போட்டுப் பாத்துட்டேன். வெத மட்டம்."

அவள் பாக்கெட்டின் முதுகில் எறும்பு மாதிரி இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் படித்தாள். "இருவது டிகிரில போடச் சொல்லிருக்கு. நீங்க எந்த மாசம் போட்டீக?"

"ஜூன்ல."

"அப்ப இங்க முப்பத்தெட்டு இருந்திருக்கும்லா. டிராயிங்ல போட்டிருக்க அளவ விட்டுட்டு மெஷினக் குத்தம் சொல்லக்கூடாது அண்ணாச்சி."

வேறு யாராவது சொல்லியிருந்தால் தணிகாசலத்துக்குக் கோபம் வந்திருக்கும். அவள் சொன்ன விதத்தில் குத்தல் இல்லை. தெர்மாமீட்டரைப் படித்துச் சொல்வது போலச் சொன்னாள். "இருவது டிகிரிக்கு நான் எங்கம்மா போவேன்? ஊட்டிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கேன்டீனிலிருந்து மூடியுள்ள மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களும் கொஞ்சம் டிஷ்யூ பேப்பரும் வாங்கி வந்தாள். பத்துப் பத்து விதையாக மூன்று பங்கு வைத்தாள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறிய விதைகளை ஈர டிஷ்யூவில் பரப்பி மூடினாள். முதல் டப்பா கருவி அறையில். இரண்டாவது வேம்பு நிழலில். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கேஜ் ரூமுக்குப் போனாள். தணிகாசலமும் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று பின்னாலேயே போனார்.

கேஜ் ரூம் என்பது தொழிற்சாலையின் நடுவிலிருக்கும் கண்ணாடி அறை. அளவுக் கருவிகளை எல்லாம் அங்கேதான் சரிபார்ப்பார்கள். இரும்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அந்த அறையை இருபது டிகிரியில் வைத்திருப்பார்கள். அதன் பொறுப்பாளர் ராஜசேகர் தூசி என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுளிக்கிற மனிதர்.

"செடியா? இங்கயா? மண்ணைத் தூக்கிக்கிட்டு உள்ள வருவீங்களா?"

"மண்ணே கெடையாது சார். விதையும் ஈரப் பேப்பரும்தான். மூடி போட்டு டேப் ஒட்டிருக்கேன். உங்க வெளி ரூம் ஜன்னல்ல வச்சா போதும், அங்கயும் இதே குளுருதான. நான் தொறக்கவும் மாட்டேன், மேலேருந்து பாத்துட்டுப் போயிருவேன்."

ராஜசேகர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியில் தேதி, நேரம், விதை எண்ணிக்கை எல்லாம் எழுதியிருந்தது. பாகங்களுக்கு எழுதும் அதே எழுத்து. அவளுடைய இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டுகளை ஆறு வருஷமாகப் பார்த்தவர் அவர். டப்பாவை ஜன்னலில் வைத்தார்.

ஆறாவது நாள் ராஜசேகரே தோட்டத்துக்குப் போன் பண்ணினார். "வந்து பாருங்க. உங்க விதையெல்லாம் வால் விட்டுருக்கு."

பத்தில் எட்டு விதையிலிருந்து வெள்ளையாக, நூல் மாதிரி வேர் நீண்டிருந்தது. கருவி அறை டப்பாவில் ஒன்றுமில்லை. வேம்பு நிழலில் ஒன்று. தணிகாசலம் மூன்று டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் எத்தனை விதையை மட்டம் என்று சொல்லிக் கொட்டியிருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. "நல்லா கீதும்மா" என்றார்.

செப்டம்பரில் மீதி விதையெல்லாம் கேஜ் ரூம் ஜன்னலுக்குப் போனது. வேர் விட்ட ஒவ்வொன்றையும் அவள் நுனி மழுங்கிய சின்ன இடுக்கியால் தூக்கி, டீ குடிக்கும் பேப்பர் கப்பில் வைத்தாள். தட்டில் போட்டுவிட்டு அப்புறம் பிடுங்கி நடலாமே, நாம் எப்போதும் அப்படித்தானே செய்கிறோம் என்று தணிகாசலம் கேட்டார். இதற்கு வேர் முள்ளங்கி மாதிரி ஒரே நேராக இறங்கும், நடுவில் தொந்தரவு பண்ணினால் கோபித்துக்கொள்ளும், கப்போடு நட்டுவிட்டால் பேப்பர் மண்ணில் மக்கிவிடும் என்றாள். செல்போனில் படித்திருக்கிறாள். படித்ததை அப்படியே நம்பாமல் நான்கு முளையை மட்டும் தட்டில் போட்டுப் பிடுங்கி நட்டும் பார்த்தாள். நான்கும் போய்விட்டன. "சரியாத்தான் எழுதிருக்காங்க" என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்து கப். பச்சை வலைக்குக் கீழே வரிசையாக நின்றன. அவள் கை அதற்குள் ஆறிவிட்டிருந்தது. தினமும் காலையில் வந்ததும் கிளவுஸைக்கூடப் போடாமல் ஒவ்வொரு கப்பையும் விரலால் தூக்கி எடை பார்ப்பாள். லேசாக இருந்தால் தண்ணீர், கனமாக இருந்தால் இல்லை. இலைகள் தரையோடு படிந்து விரிந்தன. அவற்றில் ரத்தச் சிவப்பாகப் புள்ளிகள் வந்தபோது தணிகாசலம் மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவள் எல்லாக் கப்பையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "நோய்னா அங்கொண்ணு இங்கொண்ணு வரும். எல்லாத்துலயும் ஒரே மாதிரி வந்தா அது அதோட டிசைன்" என்றாள். மருந்து டப்பா அலமாரிக்குத் திரும்பிப் போனது.

தப்பு நடந்தது அக்டோபர் பாதியில். அதைச் செய்தவர் தணிகாசலம்.

மேடம் இரண்டு தடவை பாத்தி ஏன் இன்னும் காலியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டார். தணிகாசலத்துக்கும் மனசு பரபரத்தது. செல்வி மழை முடியட்டும் என்றாள். "இது வெயில் தாங்கும் அண்ணாச்சி. தண்ணி தாங்காது. ஐப்பசி கார்த்திகை கழியட்டும்."

"ரெண்டு மாசம் காலி பாத்தியக் காட்டிகினு நான் இன்னா பதில் சொல்றது?"

அவள் வாதாடவில்லை. தோட்டத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஆனால் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்றாள். அன்றைக்கு நாற்பது செடி பாத்திக்குப் போயின. மீதி ஐம்பத்தைந்தை அவள் ஸ்டோர்ஸில் கேட்டுக் சரக்கு வைத்துக் கழித்துப்போட்ட மரத்தட்டுகளை வாங்கி அடுக்கி, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டி வைத்தாள்.

நவம்பர் முதல் வாரம் மூன்று நாள் விடாமல் கொட்டியது. மதிலோரப் பாத்தியின் களிமண் தண்ணீர் பாய்ச்சிய வயல் மாதிரி ஆனது. நாலாம் நாள் வெயில் அடித்தபோது செடிகள் பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தன. ஒரு வாரத்தில் ஒன்றொன்றாகச் சுருண்டன. தணிகாசலம் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் கொழகொழவென்று பழுப்பாக ஏதோ தொங்கியது.

செல்வி அதை வாங்கிப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லா உரிமையும் இருந்தது.

"நுனிலேருந்துதான் அழுக ஆரம்பிச்சிருக்கு" என்றாள். "கீழ தண்ணி நிக்கு. அப்ப பாத்திய ஒசத்தினா போதும், எடத்த மாத்த வேண்டாம். புது ஷெட் கட்டின எடத்துல எம்-சாண்ட் மணலு கெடக்குலா, கேட்டுப் பாப்பமா?"

அவ்வளவுதான். நாற்பது செடி போனதைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. தணிகாசலத்துக்குத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை. வீட்டில் அவர் மனைவி பாஞ்சாலி, "எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற?" என்று கேட்டபோது, "என்னை ஒரு பொண்ணு திட்டாம வுட்டுட்டா" என்றார். பாஞ்சாலிக்கு ஒன்றும் புரியவில்லை.

டிசம்பரில் மழை ஓய்ந்ததும் இரண்டு பேருமாக அந்தப் பாத்தியை உடைத்தார்கள். அடியில் செங்கல் ஜல்லி, மேலே மண்ணும் எம்-சாண்டும் பாதிக்குப் பாதி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். எரு போடலாமா என்று அவர் கேட்டார். இப்போது அவரேதான் கேட்டார். கொழுத்தால் தண்டு சாய்ந்துவிடும், ஒரு கைப்பிடி போதும் என்றாள். ஐம்பத்தைந்து செடி எண்பது அடிக்குப் போதாது போலத் தெரிந்தது. ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கயிறு பிடித்து நட்டுவிட்டுப் பார்த்தால் மொட்டைத் தலையில் முடி முளைத்த மாதிரி இருந்தது. ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம், செடிகள் ஒரு முழம் தண்டு விட்டிருந்தன. தணிகாசலத்துக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் செல்வி கத்தரியோடு பாத்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள். இருபது செடியின் தண்டு பாதிக்குப் பாதி கீழே கிடந்தது.

நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தார். அக்டோபர் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் போய்க் குந்தினார்.

"இப்ப ஒரு குச்சி. வெட்டினா நாலு குச்சியா வரும்" என்றாள் அவள், தலை நிமிராமல். "பயமா இருந்தா அந்தப் பக்கம் போயிருங்க அண்ணாச்சி. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவளுக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இன்னொரு கத்தரியை எடுத்து வந்து மறு முனையிலிருந்து அவரும் வெட்ட ஆரம்பித்தார்.

மார்ச் இரண்டாம் வாரம் முதல் மொட்டு. இளஞ்சிவப்பாக, அரிசி நீளம். மறுநாள் காலை வெள்ளையாக விரிந்திருந்தது. நான்கே இதழ், நான்கும் மேல்பக்கமாக மடிந்து, கீழே மீசை மாதிரி நீளமான மகரந்தக் காம்புகள். ஒரு பூவாகப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து நாளில் எண்பது அடியும் பூத்தபோதுதான் மேடம் காட்டிய படத்தின் அர்த்தம் தணிகாசலத்துக்குப் புரிந்தது. தண்டு கண்ணுக்குத் தெரியவில்லை. வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்த மதிலுக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் வெள்ளையாக எதுவோ மிதந்தது. கேட்டில் ஒரு லாரி திரும்பினால் போதும், அந்த முனையிலிருந்து இந்த முனை வரை ஒரு அலை ஓடி அடங்கும். ஒவ்வொரு தண்டிலும் பூ கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனதால் நேற்றுப் பார்த்த பூ இன்றைக்கு இல்லை, ஆனால் குறைந்ததாகவும் தெரியவில்லை. பழைய இதழ்கள் வாடித் தொங்காமல் தாமாகவே உதிர்ந்தன. சிரித்துக்கொண்டு போனவர்கள் இப்போது பஸ்ஸுக்கு நேரமாகியும் நின்று போட்டோ எடுத்தார்கள்.

ஆண்டு விழாவில் சந்திரலேகா மேடம் மைக்கில் தோட்டத்தைப் பாராட்டினார். தணிகாசலத்தின் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். இறங்கியிருக்க வேண்டியவர் மைக்கைக் கேட்டு வாங்கினார். மைக்கில் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"இந்த கௌரி... கௌராப் பூவு நான் வளத்தது இல்ல. நான் போட்டது ஐம்பது வெதையும் வீணாப் போச்சி. அப்பால நட்டது நாப்பது, அதுவும் என் அவசரத்தால போச்சி. இப்ப நீங்க பாக்கறது பூரா பாண்டிச்செல்வி வளத்தது. அது லைன்ல இருந்து வந்த பொண்ணு. அதுக்கு இந்தத் தொழிலே தெரியாது. தெரிஞ்சிகிச்சி." சால்வையை எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டு இறங்கினார்.

கூட்டத்தில் பின்வரிசையில் நின்றிருந்த செல்வி முகம் சிவந்து போனாள். சாப்பாட்டுப் பந்தியில் அவரைத் தேடி வந்து, "அந்த நாப்பத ஏன் அண்ணாச்சி சொன்னீக? யாரும் கேக்கலையே" என்று கோபித்துக்கொண்டாள்.

"ரிப்போர்ட்டுன்னா எல்லாத்தையும் எழுதணும்னு நீதான சொல்லுவ" என்றார் அவர். சால்வையை அவள் கையில் கொடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் ராஜசேகர் அவளைக் கேஜ் ரூமுக்குக் கேட்டார். எண்ணெய் படாத வேலை, கான்ட்ராக்ட் இல்லாமல் கம்பெனியின் சொந்த ரோலில் நிரந்தர வேலை. தணிகாசலத்திடம் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவருக்குள் ஏதோ இறங்கியது உண்மைதான். ஆனாலும் அன்றைக்கே எச்.ஆருக்குப் போய்த் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகும்போது அவள் தன் நோட்டை அவரிடம் கொடுத்தாள். இங்கிலீஷ் எதுவும் இல்லாமல் முழுக்கத் தமிழில், பெரிய எழுத்தில் திருப்பி எழுதியிருந்தாள்.

மே மாதக் கத்திரி வெயிலில் செடிகள் அடியிலிருந்து பழுப்பாயின. முடிந்தது கதை, பிடுங்கிவிடலாம் என்று தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். நோட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தது. தணிகாசலம் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் ஐம்பத்தைந்தையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டினார். இந்தத் தடவை தனியாக. பாத்தி மறுபடி மொட்டையானது. ஜூலையில் இரண்டு மழை பெய்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து சிவப்புப் புள்ளி போட்ட துளிர்கள் கிளம்பின.

செய்தி கேட்டு செல்வி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக் கோட்டோடு வந்தாள். கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். தணிகாசலம் கூடவே நடந்தார். அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருமா என்று காத்திருந்தார்.

கடைசிச் செடியில் நிமிர்ந்தாள்.

"மூணு போச்சு" என்றாள். "மத்ததெல்லாம் ஓகே."

கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போனாள். அந்த மூன்று இடத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ள, தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.